பகலில் பார்த்த மலை

கண்டக்டருடைய தகரப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒரு படம் ஒட்டியிருக்கும். ஏதோ டயர் கடைக் காலண்டரிலிருந்து கத்தரித்தது. டிக்கெட் கட்டு எடுக்க அவர் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் மூடியோடு சேர்ந்து அந்தப் படமும் நிமிர்ந்து நிற்கும். பின்னால் பனி மூடிய மலை. முன்னால் கண்ணுக்கு எட்டிய வரைக்கும் பூ. மஞ்சள், ஊதா, வெள்ளை என்று தரை தெரியாமல் பூத்திருக்கும். யாரும் நட்டு வளர்த்த பூ இல்லை, தானாக முளைத்தது. இமயமலையில் இருக்கிற பூப் பள்ளத்தாக்கு அது, தேசியப் பூங்கா, மழைக்காலத்தில் சில வாரங்கள் மட்டும் பூக்கும், மற்ற மாதங்களில் பனியும் குளிரும்தான் என்று அவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். எனக்கு மட்டுமா? தியாகதுருகத்தில் ஏறிக் கள்ளக்குறிச்சியில் இறங்குகிறவர்களுக்குக்கூடச் சொல்லியிருக்கிறார். மீதிச் சில்லறை கேட்டு நிற்கிறவன் அந்தப் படத்தையும் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

நீங்கள் இரண்டு பேரும் போன வாரம் என்னைக் கேட்டீர்கள், "அப்பா, நீங்க எங்கயாச்சும் டூர் போயிருக்கீங்களா?" என்று. நான் பஸ் ஓட்டிய தூரத்தைக் கூட்டினால் உலகத்தைச் சுற்றி வந்திருப்பேன். ஆனால் டூர் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு ஞாபகம் வருவது அந்தக் கண்டக்டர்தான். நான் பெரிய படிப்பு படித்தவன் இல்லை. தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

அவருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. எங்கள் டிப்போவில் மற்றவர்கள் லீவு எடுத்தால் காது குத்துக்கு, கரும்பு வெட்டுக்கு, கூரை மாற்றுவதற்கு எடுப்பார்கள். அவர் ஊர் பார்ப்பதற்கு எடுப்பார். ஹம்பியில் கல் தேரைப் பார்த்துவிட்டு வந்தார். அஜந்தா குகைக்குப் போய் வந்தார். தேக்கடியில் படகில் உட்கார்ந்து யானை நீந்துவதைப் பார்த்தேன் என்று ஒரு மாதம் பேசினார். அவர் மனைவி கூடப் போகமாட்டார். "மாரியம்மன் கோயில் வாசல்ல இல்லாத பூவா? பூவு பாக்க இமயமலைக்கு ஏன் போவணும்?" என்று அந்த அம்மா கேட்டதை அவரே சிரித்துக்கொண்டு எங்களிடம் சொல்வார். ஆனாலும் அந்தப் பயணத்துக்காக லீவைச் செலவழிக்காமல் வருஷக் கணக்கில் சேர்த்து வைத்தார். கடைசியில் லீவும் கிடைத்தது, ரயிலில் இடமும் கிடைத்தது.

அப்போது எங்களுக்கு நைட் ஆல்ட் பஸ். கள்ளக்குறிச்சியிலிருந்து கடைசியாகக் கிளம்பி, கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டிக் கல்வராயன் மலை ஏறி, ரோடு முடிகிற ஊரில் போய் நிற்கும். நாங்கள் போய்ச் சேரும்போது ஊர் அடங்கியிருக்கும். படுக்கை பஸ்ஸிலேயேதான். விடிவதற்கு முன்பே ஹாரன் அடித்து, ஏறுகிறவர்களை ஏற்றிக்கொண்டு இறங்கிவிட வேண்டும். கீழே அடுத்த டிரிப் காத்துக்கொண்டிருக்கும். ஆக, ஏறுவதும் இருட்டில், இறங்குவதும் இருட்டில். மாதக்கணக்காக ஓட்டியும் அந்த ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஹெட்லைட் விழுகிற அகலத்துக்குத்தான். ஒரு பலாமரம், பள்ளிக்கூடச் சுவர் மாதிரி ஒன்று, குடத்தோடு எங்கேயோ வரிசையாக நடந்து போகிற பெண்கள், அவ்வளவுதான்.

இன்னொன்றும் தெரியும். எஞ்சினை நிறுத்தியதும் கிழக்குப் பள்ளத்திலிருந்து ஓ என்று ஓர் இரைச்சல் வரும். விடாமல் வரும். "நல்ல அருவி டிரைவரே. பக்கத்துலயே விழுது" என்று முதல் நாளே கண்டக்டர் சொல்லிவிட்டார். எனக்கும் சந்தேகம் வரவில்லை. காதில் இவ்வளவு தெளிவாக விழுவதை யாரிடம் போய்க் கேட்பது? ஆடி மாதத்தில் இரைச்சல் பெரிதானது. "தண்ணி ஜாஸ்தியாயிடுச்சு" என்றார். மழையே பெய்யாத ஆடி அது. இரண்டு பேருக்கும் அது உறைக்கவில்லை. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை பார்த்த தன் மச்சானிடம், எங்கள் நைட் ஆல்ட்டில் அருவி இருக்கிறது, குடும்பத்தோடு வாருங்கள் என்றுகூடச் சொல்லி வைத்திருந்தார்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. படிப்பிலும் வேலையிலும் தங்களுக்குச் சேர வேண்டிய பங்கைக் கேட்டு எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் ரோட்டுக்கு வந்தன. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். பஸ் ஓடவில்லை, பால் வரவில்லை. உயிர்களும் போயின. ஏழைகள் குடிசைகளும் எரிந்தன. கேட்டது நியாயம் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அந்த மரமும் குடிசையும் என்ன பாவம் செய்தன என்பதையும் சேர்த்தே நினைக்கிறேன். இரண்டில் ஒன்றை மட்டும் உங்களுக்குச் சொன்னால் அது பொய்யாகிவிடும்.

மரம் வெட்ட ஆரம்பித்த அன்று விடியற்காலையில் நாங்கள் மேலே இருந்தோம். மறுநாள் சாயங்காலம் சென்னையில் கண்டக்டருக்கு ரயில். வீட்டுக்குக்கூடப் போகாமல், டிப்போவில் டிக்கெட் பையை ஒப்படைத்துவிட்டு நேரே கிளம்புவதாக இருந்தார். அதனால் துணிப்பையும், பழைய துணிக் கடையில் வாங்கிய கம்பளிச் சட்டையும், குரங்குக் குல்லாவும் பஸ்ஸிலேயே இருந்தன. வண்டி இரண்டு வளைவு இறங்கியிருக்கும். மேலே ஏறி வந்துகொண்டிருந்த ஓர் ஆள் கையை ஆட்டி நிறுத்தினான்.

"எங்க போறீங்க? அணைகிட்டயிருந்து மரமா கெடக்குது. கண்ணாடி ஒடச்சி ரெண்டு வண்டி நிக்குது. காக்கிச் சட்டைய கழட்டிட்டு மேலயே இருங்க."

கண்டக்டர் படிக்கட்டில் நின்றபடி கேட்டார், "எப்ப உடுவாங்களாம்?"

"அத வெட்டறவனத்தான் கேக்கணும்."

அகலமான ஒரு வளைவில் வண்டியைத் திருப்பி மறுபடியும் ஏறினேன். ஊரைத் தொட்டபோது விடிந்துவிட்டது. அன்றைக்குத்தான் அந்த ஊரை முதன்முதலாகப் பகலில் பார்த்தேன். பள்ளிக்கூடச் சுவர் என்று நினைத்திருந்தது பெரிய பாறை. ஊர் முடிகிறது என்று நினைத்த இடத்தில் ஊர் ஆரம்பித்தது. சரிவு முழுக்கச் சாமை வயல், அதற்கு மேல் புல் வேய்ந்த வீடுகள், அதற்கும் மேல் நீலமாகக் காடு. நான் வண்டியை விட்டு இறங்கி நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தேன். ஊர் பார்ப்பதற்கென்றே பிறந்த மனிதர் மட்டும் எதையும் பார்க்காமல் தன் துணிப்பையின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"நம்ம புள்ளைங்க படிக்கறதுக்குத்தான் வெட்டறானுங்க. வேணாங்கல" என்றார். "ஒரு நாளு கழிச்சி வெட்டக் கூடாதா டிரைவரே?"

எங்கள் பஸ்ஸில் வாராவாரம் சந்தைக்கு வருகிற ஒரு மலைக்காரப் பெண்மணி அங்கே வந்தாள். காட்டில் பொறுக்கிய கடுக்காயை மூட்டையாக ஏற்றிக்கொண்டு வருவாள். அதனால் எங்களுக்கு அவள் கடுக்காய்க்காரம்மா.

"இன்னா கண்டக்டரு, எழவு வூட்டு வாசல்ல குந்தறாப்பல குந்திக்கினு கீற?"

அவர் விஷயத்தைச் சொன்னார். அவள் யோசித்துவிட்டு, "நான் அந்தண்ட சின்னசேலம் பக்கம் எம் பொண்ணு வூட்டுக்குத்தான் போறேன். நடந்தா பொழுதோட எறங்கிடலாம். அங்க ரயிலு கீதே" என்றாள். சின்னசேலத்தில் ரயில் பிடித்தால் விருத்தாசலம், அங்கிருந்து சென்னை. கண்டக்டர் எழுந்து நின்றார். முகமே மாறிவிட்டது.

மலை விளிம்பு வரைக்கும் நானும் கூடப் போவதென்று கிளம்பினேன். பஸ்ஸை யார் பார்ப்பது? ஊர் மூப்பன் தன் கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்து பஸ்ஸின் மூக்குக்கு நேரே போட்டுப் படுத்துக்கொண்டார். "என்னத் தாண்டித்தான் தொடணும்" என்றார். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அதற்குள் பஸ்ஸில் ஏறி ஆளுக்கொரு சீட்டில் உட்கார்ந்து ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

வழியில் கடுக்காய்க்காரம்மாவின் கண் கம்பளிச் சட்டை மேலேயே இருந்தது. "இத போட்டுக்கினு எங்கப்பா போவே?"

"பனி மலைக்கும்மா. அங்க ஒரு எடம் பூரா பூ பூத்திருக்கும்."

"பறிச்சி விப்பியா?"

"பறிக்கக் கூடாது. சும்மா பாக்கத்தான்."

"பாத்து?"

"பாத்துட்டு வந்துடுவேன்."

அவள் தலைச்சுமையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, "அதுவும் சரிதான். நானுங்கூட கடுக்காய வித்துட்டு சேலக் கடையில சும்மா பாத்துட்டுத்தான் வரேன். கடைக்காரந்தான் மொறைக்கறான்" என்றாள். கண்டக்டர் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். சிரித்ததும் அவருக்குப் பழைய குணம் திரும்பிவிட்டது. அது என்ன மரம், இது யார் வயல் என்று கேட்க ஆரம்பித்தார். ஒரு திருப்பத்தில் பச்சைத் தழை குவியலாகக் கிடந்தது. அவள் பக்கத்துச் செடியில் ஒரு கொத்து ஒடித்து அதன்மேல் போட்டாள். வழிச்சாமியாம், அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராயிருந்தாலும் ஒரு தழை போட்டுவிட்டுத்தான் போவார்களாம். காலில் முள் தைக்காதாம். கண்டக்டர் இரண்டு கொத்து போட்டார். ஒன்று இந்த வழிக்கு, ஒன்று இமயமலை வழிக்கு என்றார்.

அப்போதுதான் அந்த இரைச்சல் பக்கத்தில் கேட்டது. கண்டக்டர் நின்றுவிட்டார். "அம்மா, நேரம் இருக்குது. அந்த அருவியக் காட்டிடு. ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடலாம்."

"எந்த அருவி?"

"அதாம்மா, ராத்திரியெல்லாம் சத்தம் போடுதே. இதோ கேக்குதே!"

அவள் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எங்களைப் பாறை ஓரமாக அழைத்துப் போய்க் கையை நீட்டினாள். கீழே ஒரு பள்ளம். இரண்டு குன்றுக்கு நடுவில் வாய் மாதிரி ஒரு சந்து. பள்ளம் முழுக்க மூங்கில். சந்து வழியாகக் காற்று நுழைய நுழைய அந்த மூங்கில் காடு மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்து ஓ என்று இரைந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"தண்ணி இருந்தா நாங்க ஏன்யா கொடத்த தூக்கிக்கினு அவ்ளோ தூரம் போறோம்?"

நான் கண்டக்டரைப் பார்க்கவில்லை. பார்த்தால் இரண்டு பேருக்கும் வெட்கமாக இருந்திருக்கும். அவர் அந்த மூங்கிலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "எம் மச்சானுக்கு இன்னா சொல்றது?" என்றார். நான் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார். அது எனக்கு இன்னும் மறக்கவில்லை. "ஹம்பிக்குப் போனப்ப கைடு சொன்னது ஒவ்வொண்ணுக்கும் இது நெசமா, நெசமான்னு கேட்டேன் டிரைவரே. இங்க யாரையும் ஒரு வார்த்தை கேக்கல பாரு. தெனம் படுக்கற எடமாச்சே, இதுல இன்னா கேக்கறதுன்னு உட்டுட்டேன்."

மலை விளிம்புக்கு வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. கீழே சமவெளி முழுக்கத் தெரிந்தது. சேலம் மெயின் ரோடு ஒரு கோடு மாதிரி. அதன்மேல் எறும்பு மாதிரி லாரிகள். ஆனால் எந்த எறும்பும் நகரவில்லை. நடுநடுவே கறுப்பாக டயர் எரிகிற புகை. "ரோடு போவட்டும். ரயிலு வருதா பாப்பம்" என்றார் கண்டக்டர். அந்தக் காலத்தில் அந்தத் தடத்தில் கரி எஞ்சின்தான். புகையை வைத்து ரயில் எங்கே வருகிறது என்று சொல்லிவிடலாம். மத்தியான வண்டி வருகிற நேரம். மூன்று பேரும் ஒரு பாறையில் உட்கார்ந்து மேற்கிலிருந்து ஒரு வெள்ளைப் புகை வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். கடுக்காய்க்காரம்மா களியை எடுத்து எங்களுக்கும் கொடுத்தாள். கண்டக்டர் வாங்கியதைத் தின்னாமல் கையிலேயே வைத்திருந்தார். வர வேண்டிய நேரம் வந்து, தாண்டியும் போயிற்று. கீழேயிருந்து விறகுக்காரர்கள் ஏறி வந்தார்கள். தண்டவாளத்தின் மேல் ஜனங்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், இன்றைக்கும் இல்லை, நாளைக்கும் இல்லை என்று அவர்கள் சொன்ன பிறகுதான் அவர் கண்ணைக் கீழேயிருந்து எடுத்தார்.

பூப் பள்ளத்தாக்கு அவ்வளவுதான். அடுத்த வாரம் போனால் பூ இருக்குமா, ரயிலில் இடம் கிடைக்குமா, ஒன்றும் தெரியாது. சேர்த்த லீவு மட்டும் மறுநாள் காலையிலிருந்து ஓட ஆரம்பித்துவிடும். களியைத் தின்று முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு கண்டக்டர் கடுக்காய்க்காரம்மாவைக் கேட்டார்.

"யம்மா, இந்த மலையில நெசமான அருவி இருக்குதா, இல்ல அதுவும் காத்துதானா?"

"இருக்குது. ரெண்டு மலை தாண்டணும். உன்னால ஆவுமா?"

"உம் பொண்ணப் பாத்துட்டுத் திரும்பி வர்ற இல்ல? வந்து கூட்டிக்கினு போ."

அவள் மகள் வீட்டுக்கு இறங்கினாள். நாங்கள் ஊருக்குத் திரும்பினோம். இரண்டு நாளில் அவள் வந்தாள், கண்டக்டர் கிளம்பினார். நான் பஸ்ஸை விட்டு நகர முடியாது. அவர் பொழுது சாயத் திரும்பி வந்து சொல்லுவதைக் கேட்பதுதான் என் வேலை. ஒரு நாள் அருவி. உயரத்திலிருந்து மூன்று தட்டாக விழுகிறது, மேல் தட்டில் குளித்தேன், பக்கத்தில் நின்றாலும் பேசுவது கேட்கிறது, நம் மூங்கில் அளவுக்குச் சத்தமில்லை என்றார். ஒரு நாள், நாலு பக்கம் கல்லை நிறுத்தி மேலே பலகைக் கல்லால் மூடிய சின்னச் சின்ன வீடுகள். அந்தக் காலத்துக் குள்ளர்கள் கட்டியதாம். உண்மையாகவே யார் கட்டியது என்று ஊரில் ஒவ்வொருவரையும் கேட்டார். ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். எல்லாவற்றையும் எனக்கு வந்து சொன்னார். கம்பளிச் சட்டையும் வீண்போகவில்லை, மலைக் குளிருக்கு ஆயிற்று. குரங்குக் குல்லாவோடு அவர் நடந்து வருவதைப் பார்த்தால் ஊர் நாய்கள் குரைக்கும்.

ஒரு வாரம் கழித்து ரோடு திறந்தது. இறங்க வண்டியை எடுத்தபோது கண்டக்டர் டிக்கெட் பையைக் கொண்டுவந்து என் சீட்டின் பக்கத்தில் வைத்தார். "நீயே ஒப்படைச்சிடு டிரைவரே."

"நீ வரல?"

"எனக்கு லீவு இன்னும் பாக்கி இருக்குது."

பையை வேறு ஆள் கையில் கொடுத்ததற்கு அவருக்கு மெமோ வந்தது. வாங்கிக்கொண்டதற்கு எனக்கும் ஒன்று வந்தது. அவர் ஓய்வு பெறும் வரைக்கும் பூப் பள்ளத்தாக்குக்குப் போகவில்லை. அப்படிச் சேர்ந்தாற்போல லீவு மறுபடி கிடைக்கவே இல்லை. அதற்காக வருத்தப்படவில்லை என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். ஆனால் வருத்தப்பட்டார். மழைக்காலம் வந்தால் இரண்டொரு நாள் சரியாகப் பேசமாட்டார்.

இப்போது அந்த மலைக்கு வேனில் போகிறார்கள். அருவிக்கு வழி காட்டப் பலகை இருக்கிறது. எந்த நேரம் போனால் கூட்டம் கம்மி என்று உங்கள் போனே சொல்லிவிடுகிறது. அதெல்லாம் நல்லதுதான். அன்றைக்குக் கேட்டுப் போராடியதில் கிடைத்த இடத்தில்தான் நம் வீட்டிலிருந்தும் ஒரு பிள்ளை காலேஜுக்குப் போகிறது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாறையில் உட்கார்ந்து ரயில் புகையைத் தேடிய மனிதரும் ஞாபகத்துக்கு வருவார்.

அவர் லீவு முடிந்த அன்று நான் மாற்றுக் கண்டக்டரோடு மேலே போயிருந்தேன். விடியற்காலை ஹாரன் அடித்ததும் துணிப்பையோடு வந்து ஏறினார். தாடி வளர்ந்து, கறுத்துப்போய், சட்டையெல்லாம் புல் ஒட்டியிருந்தது. மாற்றுக் கண்டக்டரிடம் காசை நீட்டினார்.

"கள்ளக்குறிச்சி ஒண்ணு."

"இன்னாண்ணே வெளையாடற? உனக்குத்தான் பாஸ் இருக்குதே!"

"பாஸ் வேலைக்குப் போறவனுக்கு. நான் ஊர் பாத்துட்டு வூட்டுக்குப் போறவன். டிக்கெட்ட கிழி."

டிக்கெட்டை வாங்கிச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்தார். முன்னால் வந்து ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார். நான் கியரைப் போட்டேன். அவர் என் தோளைத் தொட்டு, "டிரைவரே, கொஞ்சம் மெதுவா போ. விடியட்டும். இந்த மலை ரோட்ட மட்டும் நான் இன்னும் பாக்கல" என்றார்.

எத்தனையோ தடவை அவர் ஏறி இறங்கிய ரோடு. அன்றைக்கு எங்கள் பஸ் லேட்டாகத்தான் கீழே போய்ச் சேர்ந்தது.